உபுண்டுவின் தேடல் பலகையில் அமேசான்: ஒரு நம்பிக்கைச் சிக்கலின் நிகழ்வு ஆய்வு

2012 அக்டோபர் 18 அன்று, லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவின் 12.10 பதிப்பு வெளியானது. அதை நிறுவிய ஒருவர், விண்டோஸ் சின்னம் பொறித்த விசையை அழுத்தி, டாஷ் எனப்படும் தேடல் பலகையைத் திறந்து, தன் கணினியில் எங்கோ சேமித்து வைத்த ஒரு கடிதத்தைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோப்பின் பெயர் ‘விவாகரத்து’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லில் தொடங்குகிறது. அவர் தட்டத் தட்டப் பலகை நிரம்புகிறது. ஒரு வரிசையில் அவருடைய சொந்தக் கோப்புகள்; இன்னொரு வரிசையில் அமேசான் விற்கும் புத்தகங்களின் அட்டைப் படங்கள். அவர் உலாவியைத் திறக்கவில்லை. எதையும் வாங்கும் எண்ணமும் அவருக்கு இல்லை. தன் மேசை இழுப்பறைக்குள் கைவிட்டுத் துழாவுவதற்கு ஒப்பான ஒரு காரியத்தைத்தான் செய்தார். ஆனால் அவர் தட்டிய எழுத்துகள் அதற்குள் கணினியை விட்டு வெளியேறி, உபுண்டுவை உருவாக்கும் கேனோனிக்கல் நிறுவனத்தின் வழங்கிக்கு (சர்வருக்கு) போய், அங்கிருந்து அமேசானில் தேடப்பட்டு, விடையோடு திரும்பியும் வந்துவிட்டன.

உளவு மென்பொருள் என்றாலே மூலநிரலை, அதாவது மென்பொருள் எழுதப்பட்ட நிரலை, மூடி வைத்திருக்கும் நிறுவனங்களின் வேலை என்றே, யாரும் படித்துத் திருத்திப் பகிரத்தக்க கட்டற்ற மென்பொருளின் பயனர்கள் அதுவரை பெரும்பாலும் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்துக்கு நியாயமும் இருந்தது. 2005இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் விற்ற இசைத் தட்டுகள், கணினியில் போட்டவுடன் தன்னை மறைத்துக்கொள்ளும் ரூட்கிட் என்ற வகை மென்பொருளை நிறுவின. மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் தன் கணினியைத் தோண்டித் துருவிப் பார்த்து எழுதிய பிறகுதான் அது ஊருக்குத் தெரியவந்தது. உபுண்டுவின் நிலை அப்படியன்று. அமேசான் கடைத் தேடலைச் செய்த மென்பொருள் பொதியின் மூலநிரல் யாரும் படிக்கத்தக்கதாக இருந்தது. அந்தப் பொதியை நீக்க ஒரே ஒரு கட்டளை போதும். வெளியீட்டுக்கு முன்பே, இணைய முடிவுகளை நிறுத்தும் ஒரு தேர்வும் அமைப்புகளில் சேர்க்கப்பட்டுவிட்டது. இத்தனையும் இருந்தும் ‘உளவு மென்பொருள்’ என்ற சொல் உபுண்டுவின் மீது விழுந்தது. அதைச் சொன்னவரோ கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன். சொல் பொருந்துமா, பொருந்தினால் மென்பொருள் விடுதலை அங்கே என்ன செய்தது, எதைச் செய்யத் தவறியது என்பவையே இந்த ஆய்வின் கேள்விகள்.

தேடல் எந்த வழியாகப் போயிற்று

அப்போதைய உபுண்டுவின் யூனிட்டி இடைமுகத்தில் தேடல், லென்ஸ் எனப்படும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. செயலிகளுக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று, இசைக்கு ஒன்று என்ற அந்தப் பகுதிகள் எல்லாவற்றின் முடிவுகளையும் ஒருங்கே காட்டுவது முகப்பு லென்ஸ். விசையை அழுத்தியதும் கண்ணுக்குப் படுவது இந்த முகப்புதான் என்பதால், பெரும்பாலான பயனர்கள் தேடியதும் இதில்தான். 12.10 பதிப்பில் கடைத் தேடலுக்கென ஒரு புதிய லென்ஸ் சேர்க்கப்பட்டு, அதன் முடிவுகளும் இதே முகப்பில் கலக்கப்பட்டன. சிக்கல் முழுவதும் அந்தக் கலப்பில்தான் பிறந்தது. கடைக்கென்று தனி வாசல் வைத்திருந்தால் அந்த வாசலில் நுழைபவர் தெரிந்தே நுழைவார். வீட்டு முற்றத்திலேயே கடையை விரித்துவிட்டால், முற்றத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அவர் வாடிக்கையாளராகிவிடுகிறார்.

இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனின் சார்பில் மைக்கா லீ அக்டோபர் 29 அன்று எழுதிய கட்டுரை, தரவின் பாதையைப் படிப்படியாக விளக்கியது. தேடல் சொல்லும் பயனரின் ஐபி முகவரியும், வெளியார் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பில் கேனோனிக்கலின் வழங்கிக்குச் சென்றன. அந்த வழங்கி அமேசானிடம் கேட்டு, பொருத்தமான பொருள்களின் பட்டியலைத் திருப்பி அனுப்பியது. இதுவரை ஒரு வகைப் பாதுகாப்பு இருந்தது. ஆனால் பட்டியலில் உள்ள பொருள்களின் படங்களைப் பயனரின் கணினி அமேசானின் வழங்கியிலிருந்து நேரடியாக, மறையாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபி வழியில் இறக்கிக்கொண்டது.

தொடக்கத்தில் சொன்ன பயனரிடம் திரும்புவோம். அவர் தட்டிய சொல் மறையாக்கத்துக்குள் பத்திரமாகப் போயிற்று. மறுகணம், விவாகரத்தைப் பற்றிய புத்தகங்களின் அட்டைப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்த வெளியில் அவருடைய கணினிக்கு வந்தன. அதே வைஃபை இணைப்பில் இருக்கும் எவரும், அந்தப் போக்குவரத்தை வெறுமனே கவனித்தாலே, படங்களை எடுத்து அடுக்கிப் பார்த்து அவர் எதைத் தேடினார் என்று ஊகித்துவிடலாம். அமேசானுக்கோ ஊகிக்கும் வேலை இன்னும் எளிது: கேனோனிக்கலிடமிருந்து ஒரு கேள்வி வருகிறது, அடுத்த நொடியே அந்தக் கேள்விக்குரிய படங்களை ஓர் ஐபி முகவரி கேட்கிறது. இரண்டையும் இணைத்துப் பார்க்க ஒருவர் மனம் வைத்தால் போதும். அமேசான் அப்படி இணைத்துப் பார்த்தது என்று நான் சொல்லவில்லை. இணைக்க முடியாதபடி அமைப்பு கட்டப்படவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

டாஷின் ஒரு மூலையில் சட்ட அறிவிப்புக்கான சிறிய இணைப்பு இருந்தது. அதைச் சொடுக்கிப் படித்தவர்களுக்கு, விலகிக்கொள்ளாத வரையில் அவர்களுடைய விசை அழுத்தங்கள் தேடல் சொல்லாக அனுப்பப்படும் என்பதும், ஃபேஸ்புக், ட்விட்டர், பிபிசி, அமேசான் உள்ளிட்ட தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்றாம் தரப்பினர் அதில் அடங்குவர் என்பதும் தெரியவந்தன. சொந்தக் கோப்பைத் தேட வந்தவர் மூலையில் உள்ள சட்ட அறிவிப்பைத் தேடிப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. ‘சொல்லிவிட்டோம்’ என்று பதிவு செய்துகொள்வதற்காக எழுதப்படும் அறிவிப்புக்கும், பயனர் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதப்படும் அறிவிப்புக்கும் உள்ள தொலைவை இந்த ஓர் இணைப்பே காட்டுகிறது.

‘ரூட் எங்களிடம்தான் இருக்கிறது’

விமர்சனம் கிளம்பியதும் உபுண்டுவின் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் செப்டம்பர் 23 அன்று, அதாவது வெளியீட்டுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நிலையில், விளக்கம் எழுதினார். முகப்புத் தேடல் எங்கே உள்ள எதையும் கண்டுபிடித்துத் தரவேண்டும் என்பதே நோக்கம். பணம் கொடுத்து இடம்பிடித்த விளம்பரங்கள் எவையும் இதில் இல்லை. பயனரின் சார்பில் கேனோனிக்கலே கேட்பதால் அவர் யார் என்பது அமேசானுக்குத் தெரியாது என்பவை அவருடைய வாதங்கள். இவற்றில் மூன்றாவதை, ஐந்து வாரங்களுக்குப் பின் வந்த மைக்கா லீயின் கட்டுரை பெருமளவு கரைத்துவிட்டது. ஆனால் இவை எதையும்விட நெடுநாள் பேசப்பட்டது அவர் சொன்ன வேறொன்று. எங்களை நம்பவில்லையா, ரூட் எங்களிடம்தானே இருக்கிறது, ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் உங்கள் கணினியை நாங்கள் கெடுத்துவிட மாட்டோம் என்று நம்பித்தானே நிறுவுகிறீர்கள், உங்கள் தரவை ஏற்கெனவே எங்களிடம் ஒப்படைத்துத்தானே இருக்கிறீர்கள் என்பது அதன் சாரம். ரூட் என்பது ஒரு கணினியில் எதையும் செய்யவல்ல முழு அதிகாரம்.

இந்த வாதத்தைத் திமிர் என்று பலர் ஒதுக்கினார்கள். நான் அப்படி ஒதுக்கமாட்டேன்; ஏனெனில் அதன் முதல் பாதி உண்மை. உபுண்டு போன்ற ஒரு வழங்கலைப் பயன்படுத்துபவர், அதன் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து இயங்கத் தயாராக வரும் இருமக் கோப்புகளைத் தானே படித்துச் சரிபார்ப்பதில்லை; சரிபார்க்கவும் இயலாது. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் தன் டூரிங் விருது உரையில், 1984இல் அச்சில் வந்த அந்தப் புகழ்பெற்ற உரையில், மூலநிரலில் தடயமே இல்லாமல், அதை இயங்கும் கோப்பாக மாற்றும் தொகுப்பியே ஒரு கள்ளக் கதவைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்திச் செல்ல முடியும் என்று காட்டினார். நீங்களே முழுக்க எழுதாத நிரலை நீங்கள் முழுக்க நம்ப முடியாது என்பது அவர் கண்ட முடிவு. மூலநிரலிலிருந்து யார் தொகுத்தாலும் பைட்டுக்குப் பைட் ஒரே கோப்பு வரவேண்டும் என்ற முயற்சியை, உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் திட்டத்தினர் 2013இல் கையில் எடுத்ததும் இந்தக் கவலையால்தான். ஆக, 2012இல் உபுண்டு பயனர் கேனோனிக்கலை நம்பியே தன் கணினியை இயக்கினார் என்பதை மறுக்க வழியில்லை.

வாதத்தின் இரண்டாம் பாதிதான் தவறு. ஒருவரிடம் ஒரு வேலைக்காக ஓர் அதிகாரத்தைக் கொடுப்பது, அந்த அதிகாரத்தால் செய்ய முடிகிற எல்லாவற்றுக்கும் இசைவு கொடுப்பதாகாது. குழாயைப் பழுதுபார்க்க வீட்டுச் சாவியைக் கொடுத்தோம் என்றால், அவர் அலமாரியைத் திறந்து கடிதங்களைப் படிக்கலாம் என்று பொருளில்லை. படிக்க ‘முடியும்’ என்பதாலேயே படிக்கலாம் என்றும் ஆகிவிடாது. சரியாகச் சொன்னால், அவரிடம் சாவி இருப்பதுதான் அவர் அலமாரிப் பக்கம் போகாமலிருக்கக் கூடுதல் காரணம். பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவுவதற்காகப் பயனர் ரூட் அதிகாரத்தைக் களஞ்சியத்திடம் ஒப்படைக்கிறார். அந்த நம்பிக்கையின் எல்லை அந்த வேலையின் எல்லைதான். ‘ஏற்கெனவே நம்புகிறீர்களே’ என்ற வாக்கியம், கொடுக்கப்பட்ட நம்பிக்கையைக் கொடுக்கப்படாத வேறொன்றுக்கு முதலாக வைக்கிறது. நிறுவனத்துக்கு வருமானம் தேவைதான். அமேசானில் நடக்கும் விற்பனையில் கிடைக்கும் பங்கு அந்தத் தேவைக்காகத்தான். அந்தத் தேவையைப் பயனர்களிடம் நேராகச் சொல்லி, விரும்புகிறவர்கள் இயக்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தால் இவ்வாய்வே எழுந்திருக்காது.

சொல் பொருந்துமா

2012 டிசம்பர் 7 அன்று ஸ்டால்மன் வெளியிட்ட கட்டுரை உபுண்டுவை நேரடியாக உளவு மென்பொருள் என்றது; கட்டற்ற மென்பொருளைப் பரப்புவோர் உபுண்டுவைப் பரிந்துரைப்பதை நிறுத்த வேண்டும் என்றும் கேட்டது. அப்போது உபுண்டு சமூக மேலாளராக இருந்த ஜோனோ பேகன் அதை மறுத்து எழுதுகையில், சிறுபிள்ளைத்தனமானது என்ற பொருள்படும் ஒரு சொல்லைப் பயன்படுத்தினார். பிறகு அந்தச் சொல்லுக்காக மன்னிப்பும் கேட்டார். மன்னிப்புக் கேட்டது அவருடைய பண்பைக் காட்டுகிறது. ஆனால் அவருடைய மறுப்பிலும் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது: தனியுரிமை என்பது எல்லோருக்கும் ஒரே இடத்தில் கோடு கிழிக்கும் விஷயமில்லை, ஒருவருடைய கோட்டை மற்றவர் மீது திணிக்க முடியாது என்பதே அது.

‘உளவு’ என்பதற்கு மறைவு இன்றியமையாதது என்று கொண்டால் சொல் பொருந்தாது. உபுண்டு எதையும் ஒளித்து வைக்கவில்லை. படங்கள் பயனரின் கண்முன்னேதான் வந்து விழுந்தன. தமிழில் உளவு என்றால் ஒற்றன், மாறுவேடம் என்று மனம் போவதால், இந்தச் சொல்லைக் கேட்டவுடன் மிகை என்று தோன்றுவது இயல்பே. ஆனால் மென்பொருளில் அளவுகோல் வேறாக இருக்க வேண்டும் என்று கருதுகிறேன். பயனர் ஒரு செயலை எந்த எல்லைக்குள் நடப்பதாக எண்ணிச் செய்கிறாரோ அந்த எல்லையை மென்பொருள் அவர் சொல்லாமல் தாண்டுகிறதா என்பதே கேட்கத்தக்க கேள்வி. உலாவியின் தேடல் பெட்டியில் தட்டுபவர் இணையத்தில் தேடுவதாக எண்ணித் தட்டுகிறார். அங்கே சொல் வெளியே போவது அவர் அறிந்ததே. கோப்புத் தேடலில் தட்டுபவரோ தன் வட்டுக்குள் தேடுவதாக எண்ணுகிறார். அந்த எண்ணத்தைப் பொய்யாக்கிவிட்டு ஒரு மூலையில் அறிவிப்பு வைத்தால், அது ஒளிவு இல்லாத உளவுதான். இந்த அளவில் ஸ்டால்மனின் சொல் எனக்கு ஏற்புடையதே.

அவருடைய கட்டுரையில் இன்னொரு கருத்து அதிகம் கவனிக்கப்படவில்லை. விளம்பரம் காட்டுவதை அவர் உளவாகக் கொள்ளவில்லை; சொல் வெளியே போவதுதான் உளவு என்று பிரித்துப் பேசினார். அதைவிட முக்கியமாக, இயல்பாகவே அணைத்து வைத்தால்கூடப் போதாது என்றார். ஒரே முறை ‘சரி’ என்று சொடுக்கிவிட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு தேடலும் வெளியே போகும் ஏற்பாடு கவனக்குறைவை வளர்க்கும். ஆகவே வட்டுத் தேடலுக்கு ஒரு பொத்தான், இணையத் தேடலுக்கு இன்னொரு பொத்தான் என்று ஒவ்வொரு முறையும் பயனரே தேர்ந்தெடுக்கும்படி வைக்க வேண்டும், முந்தைய உபுண்டு பதிப்புகள் அப்படித்தான் இருந்தன என்று சுட்டிக்காட்டினார். இசைவைப் பற்றிய விவாதங்கள் எல்லாம் ‘ஒருமுறை கேட்டோமா’ என்பதிலேயே நின்றுவிடும் காலத்தில், கேள்வியைச் செயல் நடக்கும் இடத்திலேயே வைக்க வேண்டும் என்ற இந்த யோசனை எனக்கு மிகவும் மதிப்புள்ளதாகப் படுகிறது.

விடுதலை செய்ததும் செய்யாததும்

மூலநிரல் திறந்திருந்ததால் கிடைத்த பயன் உடனடியானது. எந்தத் தரவு எங்கே போகிறது என்பது, வெளியீட்டுக்கு முன்பிருந்தே பேசப்பட்டு, வெளியான பதினோரு நாள்களில் பொதுமக்கள் படிக்கத்தக்க விளக்கமாகவும் வந்துவிட்டது. சோதனைக் கட்டத்தில் மறையாக்கம் இன்றிச் சென்ற தேடல் சொற்கள், எதிர்ப்புக்குப் பிறகு, வெளியீட்டுக்கு முன்பே மறையாக்கம் பெற்றன. வேண்டாதவர்கள் பொதியை நீக்கினார்கள். யூனிட்டியைப் பயன்படுத்தாத குபுண்டு, சுபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றில் இந்தத் தேடலே இல்லாததால் சிலர் அங்கே இடம்பெயர்ந்தார்கள். இதை விண்டோஸ் 10 உடன் ஒப்பிட்டால் வேறுபாடு புரியும்: 2015இல் வெளியான அந்த இயங்குதளம் பயனரின் கணினியிலிருந்து என்னென்ன தரவை அடிப்படை அளவிலேயே எடுக்கிறது என்ற விரிவான பட்டியல் 2017 ஏப்ரலில், மைக்ரோசாஃப்ட் தானாக வெளியிட்ட பிறகே மக்களுக்குக் கிடைத்தது.

ஆனால் கண்டுபிடிப்பது வேறு, மாற்றுவது வேறு. இயல்பு அமைப்பில் இணையத் தேடல் இயங்கிக்கொண்டே இருந்தது. 13.10 பதிப்பில் தேடல் செல்லும் இடங்கள் கூடின. ஐந்தாண்டு ஆதரவு பெற்ற 14.04 பதிப்பும் அதே இயல்போடுதான் வந்தது. 2013இல் ஆஸ்திரியாவின் பிக் பிரதர் விருது, அதாவது தனியுரிமையை மீறுவோருக்குக் கண்டனமாகத் தரப்படும் விருது, ஷட்டில்வொர்த்துக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், இந்த அமைப்பை அணைக்க உதவும் கட்டளைகளை ஓர் இணையப் பக்கத்தில் வைத்திருந்த மைக்கா லீக்கு, உபுண்டு என்ற பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தக் கூடாது என்று கேனோனிக்கலிடமிருந்து வணிகச் சின்னக் கடிதம் போயிற்று. எதிர்ப்பு எழுந்ததும் ஷட்டில்வொர்த் அது தவறு என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். உரிமம் நிரலைத் திருத்த விடுகிறது, பெயரோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்ற உண்மை அந்தக் கடிதத்தில் வெளிப்பட்டது. இவ்வழக்கில் இது ஒரு கிளைக்கதைதான், ஆனாலும் குறித்துவைக்க வேண்டியது.

ஏன் மாறவில்லை? ஒவ்வொருவரும் தன் கணினியில் அணைத்துக்கொள்ள முடிந்ததே ஒரு காரணம் என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். எஞ்சியவர்கள் அமைப்புகளைத் திறக்காதவர்கள். அவர்களுக்காக அவர்கள் பெயரில் குரல் கொடுக்க அங்கே யாரும் இல்லை. கேனோனிக்கல் அணைக்கும் பொத்தானை வைத்தது, பெரும்பாலோர் அதைத் தொடமாட்டார்கள் என்று தெரிந்துதான் என்று ஸ்டால்மன் எழுதியதில் இந்த வலி இருக்கிறது. நிரலைத் திருத்தும் உரிமை தனி ஒருவரின் கணினியைக் காக்கிறது. எல்லோருடைய கணினியிலும் எது இயல்பாக இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்தில் அந்த உரிமைக்கு வாக்கு இல்லை.

ஆடாசிட்டி ஒலித்தொகுப்புச் செயலியில் 2021இல் நடந்தது இதற்கு மாறான பாடம். மியூஸ் குழுமத்தின் கைக்கு அந்தச் செயலி வந்த சிறிது நாள்களில், மே மாதத் தொடக்கத்தில், கூகுள், யாண்டெக்ஸ் ஆகியவற்றின் சேவைகள் வழியாகப் பயன்பாட்டுத் தரவைத் திரட்டும் நிரல்மாற்றம் முன்வைக்கப்பட்டது. அது பயனர் விரும்பினால் மட்டுமே இயங்குவதாகத்தான் இருந்தது. அப்படியிருந்தும் எதிர்ப்பு வலுத்து, அதே மாதத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஜூலையில் அவர்களுடைய தனியுரிமைக் கொள்கை சட்ட அமலாக்கத்துக்குத் தேவையான தரவைப் பற்றிப் பேசியபோது, ‘உளவு மென்பொருள்’ என்ற தலைப்புகள் மறுபடியும் கிளம்பின. அதே நிரலைக் கொண்டு தனியாகப் பிரியும் கிளைத் திட்டங்கள் தொடங்கப்பட்டன. கொள்கை திருத்தி எழுதப்பட்டது. உபுண்டுவைவிடக் குறைவான தவறுக்கு அதைவிட விரைவான திருத்தம் கிடைத்தது ஏன் என்றால், ஆடாசிட்டியில் மாற்றம் மூலநிரலில் சேர்வதற்கு முன்பே, சேர்க்கலாமா என்ற கேள்வியாகப் பொதுவில் வந்தது. உபுண்டுவிலோ, அது முடிவான பிறகு விளக்கமாக வந்தது. பயனரின் சொல்லுக்கு எடை இருப்பது முதல் கட்டத்தில்தான். பின்னதில் மிஞ்சுவது வெளியேறும் உரிமை மட்டுமே.

2016 ஏப்ரல் 21 அன்று வெளியான உபுண்டு 16.04இல் இணையத் தேடல் இயல்பாகவே அணைக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு, 17.10 பதிப்பில், யூனிட்டியே விலகி ஜினோம் என்ற இடைமுகம் வந்தது. பக்கப் பட்டையில் நெடுநாள் ஒட்டிக்கொண்டிருந்த அமேசான் சின்னமும் 2020இல் 20.04 பதிப்போடு போயிற்று. 16.04இல் மாறியது என்ன என்று அமைப்பு மதிப்புகளைத் திறந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்தது ஒற்றைச் சொல். தொலைநிலை உள்ளடக்கத் தேடல் என்ற சாவிக்கு எதிரே ‘அனைத்தும்’ என்று பொருள்படும் மதிப்பு இருந்தது, ‘ஏதுமில்லை’ என்று பொருள்படும் மதிப்பாக மாறியிருந்தது. எந்தப் பயனரும் தன் கணினியில் ஒரு நிமிடத்தில் மாற்றிக்கொள்ளக்கூடியதாக இருந்த அந்தச் சொல், எல்லோருக்குமாக மாறுவதற்கு மூன்றரை ஆண்டுகள் ஆயின.